தூங்காத பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

கடந்த இரண்டு மூன்று மாதத்தில் என்னிடம் படித்தவர்களில் நான்கு பேர் போன் செய்து, தங்கள் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். ஒருத்தி இங்கே அல்லிநகரத்தில் இருக்கிறாள். ஒருவன் சின்னமனூரில், ஒருத்தி திருப்பூரில், இன்னொருவன் துபாயில். படிப்பு என்ன ஆகும் என்று கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். நான்கு பேருமே முதலில் கேட்டது ராத்திரியைப் பற்றி. "டீச்சர், மணி பன்னிரண்டானாலும் தூங்க மாட்டேங்கிறான். காலையில எழுப்புறதுக்குள்ள உசுரு போகுது. மாமியார் என்னைத்தான் பேசுறாங்க." நான்கு வீட்டிலும் ஏறக்குறைய இதே வார்த்தைகள்.

அதனால் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பது வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு இந்த விஷயத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் டாக்டரிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ராத்திரி எப்படித் தூங்குகிறது?" என்பதுதான். நாம் அதைக் கடைசியில் கேட்கிறோம். பல இடங்களில் கேட்பதே இல்லை.

ஏ.டி.எச்.டி. என்பதைத் தமிழில் கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு என்கிறார்கள். பெயர்தான் புதுசு, பிள்ளைகள் புதுசு இல்லை. 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், நல்ல புத்தி இருந்தும் ஒரு நிலையில் நிற்க முடியாத பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் சபையில் விரிவாகப் பேசியிருக்கிறார். நம் பக்கத்துக் கணக்கும் உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் 6 வயது முதல் 11 வயது வரை உள்ள 770 பிள்ளைகளைப் பார்த்து, 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 11.32 சதவீதம் பேருக்கு இது இருந்தது. உலக அளவில் நூற்றுக்கு ஐந்து என்று சொல்வார்கள், கோவைக் கணக்கு அதைவிட அதிகம். நான்கு பள்ளிகளை வைத்து ஊர் முழுவதையும் அளந்துவிட முடியாதுதான். இருந்தாலும் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இரண்டு பேராவது, சில இடங்களில் நான்கு பேர் வரைக்கும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடிக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளைகளுக்கு இல்லை என்று அர்த்தம் இல்லை. பையன் பெஞ்சு மேல் ஏறுவான், எல்லோர் கண்ணிலும் படுவான். பொண்ணு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள், "அமைதியான பிள்ளை" என்று விட்டுவிடுவோம். ராத்திரியிலும் அப்படித்தான். அவள் அடம் பிடிக்காமல் கண்ணைத் திறந்துகொண்டு படுத்தே கிடப்பாள், யாருக்கும் தெரியாது.

இந்தப் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரைக்கும் ஏதாவது ஒரு தூக்கச் சிக்கல் இருக்கிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. படுக்கப் போக மாட்டேன் என்பது ஒன்று. படுத்தும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் புரள்வது இன்னொன்று. நடுவில் முழித்துக்கொள்வது, தூக்கத்திலேயே பாய் முழுக்க உருள்வது, காலையில் எழ முடியாமல் கிடப்பது என்று பல மாதிரி. படுக்கையில் சிறுநீர் போவதும் இவர்களிடம் கொஞ்சம் அதிகம். அதைச் சொல்லி நாலு பேர் முன்னால் கேலி செய்யாதீர்கள் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் தூக்கம் வருவதில்லை? பொழுது இருட்டினால் நம் உடம்பில் மெலடோனின் என்ற சுரப்பு கூடும். மூளைக்கு "பள்ளிக்கூடம் முடிந்தது, வீட்டுக்குப் போ" என்று அடிக்கிற மணி அது. ஏ.டி.எச்.டி. உள்ள, தூக்கம் பிடிக்காத பிள்ளைகளை நெதர்லாந்தில் சோதித்தபோது, தூங்குவதில் சிக்கல் இல்லாத ஏ.டி.எச்.டி. பிள்ளைகளைவிட இவர்களுக்கு அந்த மணி ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தாமதமாக அடிப்பது தெரிந்தது. 2005-ல் வந்த ஆய்வு அது. மணி அடிக்காமலேயே பிள்ளையை வீட்டுக்குப் போ என்றால் எப்படிப் போகும்? நாம் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, "கண்ணை மூடு, கண்ணை மூடு" என்று அதட்டுகிறோம். அந்தப் பிள்ளையின் மூளையில் அப்போது சாயங்காலம்தான் ஆகியிருக்கும்.

இன்னொரு விஷயம். இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் சோர்ந்து போய் உட்கார்ந்துவிடுவோம். பிள்ளைகளுக்குத் தூக்கம் கெட்டால் நேர்மாறு. ஆடுவார்கள், சிணுங்குவார்கள், சின்னச் சொல்லுக்கும் கோபித்துக்கொண்டு அழுவார்கள், ஒரு வரியைப் படிப்பதற்குள் எழுந்து ஓடுவார்கள். "இவ்வளவு சேட்டை பண்றவனுக்கா தூக்கம் பத்தலை?" என்று நாம் சிரிப்போம். அந்தச் சேட்டையில் ஒரு பங்கு தூக்கமில்லாததால்தான் வருகிறது.

கனடாவில் மாண்ட்ரியல் நகரத்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2012-ல் வெளியானது. ஏ.டி.எச்.டி. எதுவும் இல்லாத 34 சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள். ஒரு பகுதியினரை ஐந்து ராத்திரி வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள், மற்றவர்களைக் குறைவாகத் தூங்க வைத்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பது வகுப்பு ஆசிரியர்களுக்குத் தெரியாது. அவர்கள் பிள்ளைகளின் நடத்தைக்கு மதிப்பெண் போட வேண்டும், அவ்வளவுதான். கூடுதலாகத் தூங்கியவர்களுக்குக் கிடைத்தது சராசரி 27 நிமிடம். அந்த 27 நிமிடத்துக்கே வகுப்பில் பொறுமை கூடியிருந்தது, கோப தாபம் குறைந்திருந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் தூக்கத்தை இழந்த பிள்ளைகளின் நடத்தை மோசமாகியிருந்தது. ஒரு குறையும் இல்லாத பிள்ளைக்கே இப்படி என்றால், ஏற்கெனவே கவனத்தை இழுத்துப் பிடித்து நிறுத்தப் பாடுபடுகிற பிள்ளையின் நிலையை யோசியுங்கள்.

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வளரிளம் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம். இனி நம் வீடுகளைப் பார்ப்போம்.

நம் பள்ளத்தாக்கில் போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் தாய்மார்கள் உண்டு. அதிகாலையில் ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் சோறு பொங்கி, குழம்பு வைத்து, தூக்குவாளியில் போட்டாக வேண்டும். நாலு மணிக்கு விளக்கைப் போட்டால்தான் முடியும். வீடு ஒரே அறை. அந்த அறையில்தான் பிள்ளையும் படுத்திருக்கிறது. டி.சுப்புலாபுரம் பக்கம் விசைத்தறிச் சத்தம். தேனி டவுனுக்குள் மெயின் ரோட்டு வீடுகளில் லாரிச் சத்தம். ராத்திரி பத்தரை வரைக்கும் சீரியல். அது முடிந்ததும் அப்பா செல்போனில் ரீல்ஸ் பார்ப்பார். அமெரிக்காவில் எழுதிய புத்தகத்தில் "குழந்தைக்கு இருட்டான, அமைதியான தனி அறை கொடுங்கள்" என்று இருக்கும். நம்மில் எத்தனை பேர் கொடுக்க முடியும்? அதனால் அந்தத் தாய்மார்களிடம் நான் தனி அறை கேட்கவில்லை. சமையல் சாமான்களை முந்தின ராத்திரியே எடுத்து வைக்கலாம். பெரிய டியூப்லைட்டைப் போடாமல் அடுப்படிப் பக்கம் ஒரு சின்ன பல்பு போட்டுக்கொள்ளலாம். பிள்ளையை அடுப்படிக்கு எட்டின மூலையில், சேலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுக்க வைக்கலாம். டிவியை ஒன்பது மணிக்கு நிறுத்துவதற்குக் காசு பணம் வேண்டாம், வீட்டுப் பெரியவர்களின் மனசுதான் வேண்டும்.

அப்புறம் டீ. நம் ஊரில் நாலு வயசுப் பிள்ளைக்கும் சாயங்காலம் ஒரு டம்ளர் டீ. விருந்தாளி வந்தால் ஏழு மணிக்கு இன்னொரு டம்ளர். குடித்த டீயில் இருக்கும் காஃபினில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். தூக்கம் வராத பிள்ளைக்கு மதியத்துக்கு மேல் டீ, காப்பி, கருப்பு நிறக் கூல்டிரிங்க்ஸ் மூன்றும் வேண்டாம். இதை நிறுத்தியே ஒரு வித்தியாசம் கண்ட வீடுகள் உண்டு.

இனி நான் கொஞ்சம் கோபமாக எழுதப் போகும் பகுதி. பிள்ளை தூங்கவில்லை என்று மெடிக்கல் கடையில் சளி சிரப் வாங்கி ராத்திரி ஒரு மூடி ஊற்றிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. "குடிச்சா நல்லாத் தூங்குது டீச்சர்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அது தூக்கம் இல்லை, மயக்கம். சில பிள்ளைகளுக்கு அதே மருந்து எதிராக வேலை செய்து, இன்னும் ஆட்டம் கூடும். சளி மருந்துக் கூட்டு ஒன்றை நாலு வயசுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியே உத்தரவு போட வேண்டி வந்தது. கசகசாவை அரைத்துப் பாலில் கொடுப்பதும் இதே வகைதான். அப்பத்தா காலத்து வைத்தியம் என்பதற்காக அது பாதுகாப்பாகிவிடாது. கசகசா வருவது அபின் செடியிலிருந்து. மெலடோனின் மாத்திரையையும் ஆன்லைனில் பார்த்துவிட்டு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தேவையென்றால் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று டாக்டர் சொல்லட்டும். வீரப்ப அய்யனார் கோயிலுக்குப் போய் திருநீறு போட்டுக்கொண்டு வாருங்கள், அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, நானும் போகிறவள்தான். திரும்பி வரும் வழியில் டாக்டரையும் பாருங்கள்.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பழைய நோட்டு ஒன்றை எடுத்து, பதினான்கு நாள் தூக்கக் கணக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தான், எப்போது உண்மையில் தூங்கினான், நடுவில் எத்தனை தரம் முழித்தான், எப்போது எழுந்தான், சாயங்காலம் என்ன குடித்தான். கூடவே இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, குறட்டை. பிள்ளை வாயைத் திறந்து குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா? தொண்டைச் சதையும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதையும் வீங்கியிருந்தால் அப்படி ஆகும். ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடிய பிள்ளை பகலில் ஏ.டி.எச்.டி. மாதிரியே நடந்துகொள்ளும். அமெரிக்காவில் அந்தச் சதையை அறுவை செய்த பிள்ளைகளைப் பார்த்து 2006-ல் எழுதியிருக்கிறார்கள். முன்பு ஏ.டி.எச்.டி. என்று கணிக்கப்பட்டிருந்த 22 பேரில் பாதிப் பேருக்கு ஒரு வருஷம் கழித்து அந்தக் கணிப்பே பொருந்தவில்லை. சின்ன எண்ணிக்கைதான், எல்லாப் பிள்ளைக்கும் அறுவை என்று அர்த்தமில்லை. குறட்டை விடும் பிள்ளையைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒரு தடவை காட்டாமல் இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று, கால். "கால் குறுகுறுங்குதும்மா, அமுக்கி விடும்மா" என்று படுத்தவுடன் சொல்கிற பிள்ளைகள் உண்டு. வளர்கிற வலி என்று தைலம் தேய்ப்போம். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தாலும் இப்படிக் கால் அமைதியில்லாமல் தவிக்கும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் ஒரு ரத்தப் பரிசோதனை கேட்டு எடுங்கள். பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, ஜன்னல் வழியே போடுகிறதா என்றும் விசாரியுங்கள். என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நான் நிறைய பொறுக்கியிருக்கிறேன்!

மருந்தைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். இந்தக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் தரக் கூடாது, சீட்டின் பிரதியைக் கடைக்காரர் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அது கவனத்தைத் தூண்டும் மருந்து என்பதால் நேரம் தள்ளிக் கொடுத்தால் ராத்திரித் தூக்கம் இன்னும் தள்ளிப்போகலாம். சில பிள்ளைகளுக்கு மருந்தின் வேகம் சாயங்காலம் இறங்கும்போது ஆட்டம் திடீரென்று கூடும், அந்த நேரம் பார்த்துத்தான் நாம் வீட்டுப்பாடத்துக்கு உட்கார வைப்போம். வேறு சிலர் மருந்து எடுத்த பிறகு முன்பைவிட நன்றாகத் தூங்குவதும் உண்டு. ஆகவே "மருந்தாலதான் தூங்க மாட்டேங்கிறான்" என்று நீங்களே நிறுத்தாதீர்கள். அந்தத் தூக்க நோட்டை டாக்டர் மேசையில் வையுங்கள். நேரத்தையோ அளவையோ அவர் மாற்றுவார்.

வீட்டில் செய்யக்கூடிய பழக்கங்கள் பலன் தருமா என்று துபாய் மாணவன் சந்தேகத்தோடு கேட்டான். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கம் 5 முதல் 12 வயது வரை உள்ள, இந்தக் குறைபாடும் தூக்கச் சிக்கலும் சேர்ந்த 244 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேரின் பெற்றோருக்கு இரண்டு தடவை நேரில் ஆலோசனை, ஒரு தடவை போனில். அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பிள்ளைகளின் தூக்கம் தேறியிருந்தது, நடத்தையும் தேறியிருந்தது, ஏ.டி.எச்.டி. அறிகுறிகளே கொஞ்சம் குறைந்திருந்தன. 2015-ல் வெளியான ஆய்வு இது. கொஞ்சம்தான், முழுசாக இல்லை. ஆனால் மூன்று பேச்சுக்கு அது பெரிய லாபம்.

அங்கே சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் பிடித்த ஒரு முறை உண்டு. பிள்ளை எப்படியும் பதினொன்றுக்குத்தான் தூங்குகிறது என்றால், ஒன்பது மணிக்குப் படுக்கச் சொல்லி இரண்டு மணி நேரம் சண்டை போடாதீர்கள். முதலில் பத்தே முக்காலுக்குப் படுக்கப் போகட்டும். படுத்தவுடன் தூங்கும், படுக்கை என்றாலே சண்டை என்ற நினைப்பு போகும். சில நாள் கழித்துக் கால் மணி நேரம் முன்னால், பிறகு இன்னொரு கால் மணி நேரம் முன்னால். மாசக்கணக்கில் மெதுவாக நகர்த்த வேண்டும். இதற்கு ஒரு நிபந்தனை, காலையில் எழுப்பும் நேரம் மாறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். எழுந்ததும் வெயிலில் கொஞ்ச நேரம் நிற்கட்டும், சாயங்காலம் தெருவில் ஓடி ஆடட்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போன் வேறு அறைக்குப் போகட்டும். குளியல், பல் விளக்கல், ஒரு கதை, பாய் என்று தினமும் ஒரே வரிசை. இந்தப் பிள்ளைகளுக்கு வாயால் நூறு தரம் சொல்வதைவிட, நாலு படம் வரைந்து சுவரில் ஒட்டினால் நன்றாக வேலை செய்யும். கதை சொல்ல அம்மாச்சி இருந்தால் யூடியூப் எதற்கு?

பள்ளிக்கூடங்கள் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். காலை ஆறு மணிக்கு டியூஷன், ஏழேகாலுக்கு வேன், சாயங்காலம் திரும்ப டியூஷன், எட்டரைக்கு வந்து இம்போசிஷன். ஒன்பது மணி நேரத் தூக்கத்தை இதில் எந்த இடத்தில் வைப்பது? என் மாணவர்களில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். முதல் பீரியடில் தலை சாய்கிற பிள்ளையை எழுப்பி நிற்க வைக்கும் முன், பக்கத்தில் போய் மெதுவாக "நேத்து எத்தனை மணிக்குத் தூங்குனப்பா?" என்று கேளுங்கள். மூன்று நாள் ஒரே பதில் வந்தால் தாயைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆண்டுதோறும் அரசுப் பள்ளிகளுக்கு வரும் குழந்தைகள் நல மருத்துவக் குழுவின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. 2013-ல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்தே இருக்கிறது. குழு வரும் அன்று அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்வது நம் வேலை. நம் மாவட்டத்துக்குக் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே குழந்தைகள் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் காட்டலாம். மனநலம் என்ற போர்டைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

கடைசியாகச் சொந்தக்காரர்களுக்கு. "அவங்க அப்பனும் சின்ன வயசுல இப்படித்தான் திரிஞ்சான்" என்று தாத்தாக்கள் சொல்வீர்கள். ஒரு விதத்தில் நீங்கள் சொல்வது சரி, இது பெரும்பாலும் பரம்பரையில் வருவது. அப்படியானால் மருமகள் வளர்ப்பு சரியில்லை என்று சொல்வது எப்படி? இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. ராத்திரி ஒரு மணி வரை பிள்ளையோடு மல்லுக்கட்டிவிட்டு நாலு மணிக்கு எழுகிற அந்தப் பெண் தூங்குவது மூன்று மணி நேரம். அவளுக்குப் புத்தி சொல்வதை விட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு ராத்திரி பிள்ளையை உங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சித்திரை வரப்போகிறது. வீரபாண்டித் திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்கு வருவீர்கள். ராட்டினமும் கூட்டமுமாகப் பிள்ளைகள் நடு ராத்திரி வரை முழித்திருக்கும், திருவிழாவில் அது வேண்டியதுதான், தடுக்காதீர்கள். மறுநாள் காலையில் மட்டும் வழக்கமான நேரத்துக்கே எழுப்பிவிடுங்கள், மத்தியானம் அரை மணி நேரம் கண்ணயரட்டும். அந்த நான்கு பிள்ளைகளில் யார் வீட்டில் தங்கினாலும், ஒன்பது மணிக்கு மேல் டிவி போட்டு உட்காராதீர்கள். அரட்டை அடிக்க வேண்டுமென்றால் என் வீட்டு மொட்டை மாடிக்கு வாருங்கள், பாய் விரித்து வைக்கிறேன்.